மூன்றாம் அறையில் நிற்பவர்கள்

விளையாட வருகிறவர்களுக்குக் கண்ணை மூடுகிற வி.ஆர். ஹெட்செட் மாட்டிவிட்டு, அவர்கள் விழாமல் பார்த்துக்கொண்டு பின்னால் நிற்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அதே வேலையைத்தான் நானும் செய்தேன், ஹெட்செட்டின் கேபிளையும் பிடித்துக்கொண்டு. முழங்கால் ஒத்துழைக்காததால், போன வருடம் நிறுத்திக்கொண்டேன். புதியவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டார். நான் பத்தாவது வரை படித்தவள். பெரிய விஷயங்களை எழுத வராது. ஆண்டவர் துணையோடு, பக்கத்தில் நின்று பார்த்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

ஹெட்செட்டை எப்படித் துடைப்பது, பட்டையை எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் சீக்கிரம் கைவந்துவிடும். எத்தனை வருடம் ஆனாலும் கைவராதது ஒன்று உண்டு. மாட்டிக்கொண்டவர் துள்ளினாலும் கத்தினாலும் பயமில்லை. ஒரு கண்காட்சியில் தலைமையாசிரியர் ஒருவர், விளையாட்டுக்குள் பறந்து வந்த கல்லுக்குப் பயந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவருடைய அம்மாவைக் கூப்பிட்டார். அவருடைய மாணவர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள், அவரும் கழற்றிவிட்டுச் சிரித்தார். ஆனால் சிலர் அப்படியே அசையாமல் நின்றுவிடுவார்கள். முகத்தில் பாதி மூடியிருக்கும், வாய் மட்டும்தான் தெரியும். யோசித்துக்கொண்டு நிற்கிறாரா, தலைசுற்றி நிற்கிறாரா என்று வெளியே நிற்கிற நாம்தான் முடிவு செய்ய வேண்டும். யோசிக்கிறவரைத் தொட்டால் ஏசுவார். தலைசுற்றுகிறவரைத் தொடாமல் விட்டால் விழுவார். இரண்டும் எனக்கு நடந்திருக்கிறது.

எங்கள் கம்பெனி தூத்துக்குடியில் பழைய துறைமுகம் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. கீழே படகு இன்ஜின் சாமான் விற்கிற கடை. மேலே நாங்கள் ஐந்து பேர். முதலாளி என்று சொன்னால் ஆன்டோவைச் சொல்ல வேண்டும். கடற்கரை ஊரான புன்னைக்காயல் பையன். என்னைவிட இருபது வயது இளையவன், அதனால் முதலாளி ஆனாலும் கடைசிவரை எனக்கு அவன் ‘அவன்’தான். விளையாட்டின் கதை, புதிர் எல்லாம் அவன் மூளை. அதை எழுதி ஓடவைக்கிறவன் ஆறுமுகநேரி குமார். அவன் அப்பா உப்பளத்தில் கங்காணி. மற்ற இருவரும் படம் வரைகிறவர்கள். நான் வந்து போகிறவர்களுக்கு மாட்டிவிட்டு, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

விளையாட்டு நடப்பது பூமியில் இல்லை. வேறொரு கோள். அங்கே கடல் சாம்பல் நிறத்தில் இருக்கும். யாரோ அடியில் ஒரு நகரத்தைக் கட்டிவிட்டு, விட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் இடுப்பில் கயிற்றோடு இறங்கி, ஒவ்வோர் அறையாகக் கதவைத் திறந்து, அவர்கள் ஏன் போனார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். சுவரில் இருக்கிற ஒளிச் சிப்பிகளைச் சரியான வரிசையில் தொட்டால் கதவு திறக்கும். வரிசை என்ன என்பதுதான் புதிர். மேலே மிதவையில் ஓர் இயந்திரம் உங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்கு ஆன்டோ வைத்த பெயர் மச்சான்.

அந்தப் பெயரைக் கேட்டு எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முத்துக் குளிப்பு நின்று எவ்வளவோ காலமாகிறது. சங்கு குளிக்கப் போகிறவர்கள் இன்றும் உண்டு. குளிக்க இறங்குகிறவனுடைய கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் பிடிப்பது எங்கள் கடற்கரையில் நெடுநாள் வழக்கம். கூடப்பிறந்தவள் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்கிற நினைப்போடு பிடிப்பான் என்பார்கள்.

விளையாட்டில் மச்சானுக்கு ஒரே ஒரு விதி. கீழே இருப்பவர் அசையாமல் நின்று, கயிறும் கொஞ்ச நேரம் சும்மா தொங்கினால், உடனே மேலே இழுத்துவிடும். திரும்ப இறங்கினால் அந்த அறையில் நீங்கள் தொட்ட சிப்பிகள் எல்லாம் அணைந்திருக்கும். முதலிலிருந்து தொட வேண்டும்.

இதில் என்ன கோளாறு என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை. மாதக்கணக்கில் ஆட்களைக் கூப்பிட்டு விளையாட விட்டோம். எல்லோரும் கடற்கரை ஆட்கள். சாம்பல் தண்ணீருக்குள் இறங்கியதும் கை தானாகக் கயிற்றுக்குப் போய்விடும். புதிரை யோசிக்கும்போதும் நடுவில் ஒரு சுண்டு சுண்டிக்கொள்வார்கள். லேசாகச் சுண்டினால் மேலே இருப்பவனுக்கு ‘இருக்கேன்’ என்று அர்த்தம், பலமாகச் சுண்டினால் ‘தூக்கு’ என்று. ஆறுமுகநேரி குமார்கூட ஆன்டோவிடம் கற்றுக்கொண்டு சுண்டினான்.

"நல்லா சுண்டுதியே," என்று ஆன்டோ கிண்டல் செய்வான். "உங்க ஊர்ல கடலக் காயப் போட்டுல்லா விப்பிய?"

"காயப் போட்டதத்தான்லே நீ சோத்துல போட்டுத் திங்குத," என்பான் குமார்.

விளையாட்டை வெளியிட ஒப்புக்கொண்டிருந்த நிறுவனம் பெங்களூரில் இருந்தது. அவர்கள் அங்கே சிலரிடம் விளையாடக் கொடுத்தார்கள். பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அங்கே விளையாடியவர்களுக்குக் கயிறு ஒரு பொருட்டே இல்லை. புதிர் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நின்று யோசிக்கிறவர்கள். முதல் இரண்டு அறைகள் எளிது, தப்பிவிட்டார்கள். மூன்றாம் அறையில் யோசிக்க நிற்பார்கள், மச்சான் இழுத்துவிடும். திரும்ப இறங்குவார்கள், நிற்பார்கள், இழுத்துவிடும். அந்த நிறுவனத்தின் பெண்மணி ஒருத்தி ஆன்டோவைப் போனில் அழைத்தாள். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"புதிர் விளையாட்டுன்னு சொல்றீங்க. ஆனா யோசிக்கவே விட மாட்டேங்கறீங்களே சார்? அந்த இழுக்கறதை எடுத்துடுங்க. மாசக் கடைசிக்குள்ள எடுத்தா வெளியிடறோம். இல்லன்னா எங்களால முடியாது."

நாங்கள் எல்லோரும் ஒரே கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள், அதனால் எங்களில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. உங்களிடம் விளையாட வருகிறவர்களில் உங்களைப் போல இல்லாத ஒருவராவது இருக்கட்டும். இது சுலபமான பாடம். இந்தக் கதைக்கு இது போதாது.

குமாருக்கு அது புரோகிராமில் ஓர் எண்ணை மாற்றுகிற வேலை. டீ குடித்து முடிப்பதற்குள் செய்துவிடுவேன் என்றான். ஆன்டோ வேண்டாம் என்றான்.

"ஏம்லே?"

"மச்சான்னா இழுக்கணும். அவ்வளவுதான்."

"அவனுவ போட மாட்டானுவலே. அஞ்சு பேரும் வீட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

"போவோம்."

காலேஜ் முடித்ததிலிருந்து அவன் செய்த ஒரே காரியம் இந்த விளையாட்டு. கல்யாணப் பேச்சைக்கூட இது முடியட்டும் என்று தள்ளி வைத்திருந்தான். அவனே இப்படிச் சொன்னதும் குமார் கோபத்தில் இறங்கிப் போய்விட்டான். எனக்கு மட்டும் காரணம் ஓரளவு தெரியும். புன்னைக்காயலில் என் நாத்தனார் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் சொல்லிக் கேள்விப்பட்டதுதான்.

ஆன்டோவின் அப்பா சங்கு குளிக்கிறவர். அவனுக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும்போது கடலுக்குள்ளேயே இறந்துபோனார். காற்று போகிற குழாய் பாறையில் மாட்டி மடங்கிவிட்டது. படகில் கயிற்றைப் பிடித்திருந்தவர் ஆன்டோவின் தாய்மாமன், சூசை. கயிறு சும்மா கிடந்ததைப் பார்த்தும் அவர் இழுக்கவில்லை, காத்திருந்துவிட்டார். இழுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடக்கம் முடிந்த நாளிலிருந்து ஆன்டோவின் அம்மா தன் அண்ணனோடு பேசுவதில்லை. ஒரே கோவிலில், ஒரே பூசையில், ஆளுக்கொரு பக்கம் நிற்பார்களாம்.

அந்தச் சமயத்தில் மாதா கோவில் திருவிழா வந்தது. மைதானத்தில் ஒரு கடை போட்டு விளையாட்டைக் காட்டினோம். நல்ல கூட்டம். விளையாடிய புன்னைக்காயல் பையன்கள் ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். திருவிழா முடிந்த பிறகு ஒரு நாள் மத்தியானம், வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் படியேறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். குமார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அண்ணாச்சி, கேன அங்கன வச்சிருங்க," என்றான். தண்ணீர் கேன் கொண்டுவருகிறவர் என்று நினைத்துவிட்டான்.

ஆன்டோ எழுந்து நின்றான். வந்திருப்பது அவன் மாமன் சூசை என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"மச்சான்னு ஒரு மிஷினு இருக்காமே," என்றார் வந்தவர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆன்டோவைப் பார்க்கவில்லை. "நான் ஒருவாட்டி பாக்கலாமா?"

ஆன்டோ வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. வந்தவரைக் கூப்பிடுவது என் வேலை. "வாங்கண்ணே," என்றேன்.

மாட்டிவிட்டேன். வயசாளிகளுக்குப் பட்டை தலையில் அழுத்தும், கொஞ்சம் தளர்த்திவிட்டேன். முதல் இரண்டு அறைகளை என்னிடம் கேட்டுக் கேட்டுத் திறந்தார். மூன்றாம் அறையில் போய் நின்றார். சுண்டவில்லை. வாழ்நாள் முழுவதும் மேலேயே நின்று பிடித்தவருக்குச் சுண்டுகிற பழக்கம் எங்கே இருக்கும்? மச்சான் இழுத்தது. திரும்ப இறங்கி அதே இடத்தில் நின்றார். இழுத்தது. மறுபடியும் இறங்கினார். மறுபடியும் இழுத்தது. பிறகு அவரே கழற்றி என் கையில் கொடுத்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"இந்த மச்சான் யாரு மருமவனே?" என்றார்.

ஆன்டோ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான?"

"ஆமா மாமா."

"எங்கயாச்சும் நான் சரியா இழுக்கட்டும்னு வச்சியோ?"

ஆன்டோ ஆமென்று தலையை ஆட்டினான். மாமனைக் குத்திக்காட்ட, கோபத்தில் அப்படி வைத்திருக்கிறான் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். கோபத்தில் வைக்கவில்லை. அந்தச் சாம்பல் கடலிலாவது மாமன் நேரத்துக்கு இழுக்கட்டும், அப்பா மேலே வரட்டும் என்று வைத்திருக்கிறான்.

சூசை அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். குமார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"உங்க அப்பன் அடியில போனா ஒரே இடத்துல நிப்பாரு. கண்ணு பழகுற மட்டும் அசைய மாட்டாரு. நான் பயந்து இழுத்தா மேல வந்து மூஞ்சில தண்ணியத் துப்புவாரு. 'நான் சுண்டாம இழுக்காத மச்சான், தேடவிடு'ன்னு ஏசுவாரு. அன்னைக்கும் தேடுதாருன்னுதான் நெனச்சேன்." தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தார். "அவரு சொன்னபடிதான் நின்னேன். அதச் சொல்லி நான் தப்பிக்கப் பாக்கலலே. ஆனா நடந்தது அதுதான். நான் இழுக்கல. நீ என்னைய நல்லவனாக்கி எழுதாத. எடுத்துரு."

கீழே கடையில் இன்ஜின் ஒன்றை ஓடவிட்டு நிறுத்தினார்கள்.

"குமார்," என்றான் ஆன்டோ. "மாத்திரு."

குமார் மாற்றினான். மச்சான் இனி காத்திருக்கும். பலமாகச் சுண்டினால்தான் இழுக்கும். சுண்டாமலே நின்றால் காற்று தீர்ந்து ஆட்டம் முடிந்துபோகும், முதல் அறையிலிருந்து தொடங்க வேண்டும். மாற்றினால் போதாது, நம் வேலையில் உங்களுக்கே தெரியும். யாராவது ஒருவர் மூன்றாம் அறையில் போய், சுண்டாமல், காற்று தீருகிறவரை நின்று பார்த்துவிட வேண்டும். சாதாரணமாக நான் நின்றிருப்பேன்.

"நான் நிக்கேன்," என்றார் சூசை அண்ணன்.

நான் ஆன்டோவைப் பார்த்தேன். அவன் தடுக்கவில்லை. மறுபடியும் அவருக்கு மாட்டிவிட்டேன். பின்னால் போய்க் கேபிளை எடுத்து, கொஞ்சம் யோசித்து, ஆன்டோவின் கையில் கொடுத்தேன். இத்தனை வருட வேலையில் என் கேபிளை நான் வேறொருவர் கையில் கொடுத்தது அந்த ஒரு தடவைதான். சரியா தப்பா என்று அப்போது யோசிக்க நேரமில்லை. அவன் வாங்கிக்கொண்டான்.

சூசை அண்ணன் மூன்றாம் அறையில் நின்றார். அவர் பார்ப்பது எங்களுக்குத் திரையில் தெரிந்தது. சாம்பல் தண்ணீர், சுவரில் அணைந்த சிப்பிகள், பக்கத்தில் ஆடாமல் தொங்குகிற கயிறு. மணிக்கட்டில் ஒரு பச்சை வளையம் உண்டு, மிச்சமிருக்கிற காற்று அது. வளையம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. அவர் கை கயிற்றுப் பக்கம் போகவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது, 'அருள்நிறைந்த மரியே' செபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வளையம் சிவப்பானது.

"இன்னும் கொஞ்சந்தான்," என்றான் குமார் திரையைப் பார்த்தபடி. "முடியப் போவுது. தொட்டுராதிய."

ஆன்டோ கேபிளைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்து, இரண்டு கையாலும் ஹெட்செட்டைப் பிடித்து மாமனின் தலையிலிருந்து தூக்கிவிட்டான்.

வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டியபடி பெரியவர் அவனைப் பார்த்தார். "ஏம்லே எடுத்த? இன்னும் காத்து இருந்துச்சே."

"இருந்துச்சு மாமா," என்றான் ஆன்டோ. "அதான் எடுத்தேன்."

சாயங்காலம் அவரைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு புன்னைக்காயலுக்குப் போனான். மறுநாள் நான் கேட்காமலே சொன்னான். "வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனேன்க்கா. அம்மா காப்பி குடுத்தா. பேசல. மாமா குடிச்சிட்டு டம்ளரக் கழுவி வச்சிட்டுப் போனாரு."

அந்தச் சோதனை முடியவில்லை. "பாத்தாச்சுன்னு சொல்லிரட்டாக்கா?" என்று குமார் கேட்டான். பார்க்கவில்லையே, எப்படிச் சொல்வது என்றேன். நான் நிற்கிறேன், மாட்டிவிடு என்றேன். ஆன்டோ குறுக்கே வந்தான். "வேண்டாம்க்கா. அந்த ரூம்ல நம்ம ஆளுவ யாரும் இனி நிக்க வேண்டாம்." என் வேலை அது. நான் வற்புறுத்தியிருக்கலாம், அவன் வீட்டுக்குப் போன பிறகாவது நின்றிருக்கலாம். செய்யவில்லை. கடைசிவரை பார்க்கவில்லை என்று பெங்களூருக்கு நானே போனில் சொன்னேன். இழுப்பது நின்றுவிட்டதல்லவா, அது போதும் என்றார்கள். மாசக் கடைசியில் வெளியிட்டார்கள்.

உங்களுக்கு நான் என்ன சொல்ல? முடிக்காத சோதனையை முடித்ததாகச் சொல்லாதீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்கு நான் நின்றே தீர்வேன் என்று சொல்லியிருக்க வேண்டுமா என்றால், தெரியவில்லை. வேலை ஒரு பக்கம், அந்தப் பையன் முகம் ஒரு பக்கம். நான் முகத்தைப் பார்த்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அதனால் வந்த நஷ்டத்தையும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கியவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். படம் அழகு, கடல் அழகு என்றார்கள். புதிர்கள் சில இடத்தில் நியாயமில்லாமல் இருக்கின்றன என்றார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக மூன்றாம் அறையைப் பற்றி எழுதினார்கள். காற்று தீர்ந்த பிறகு ஆட்டம் முடிய வேண்டும் அல்லவா, முடியவில்லை. குமார் மாற்றியபோது ஓரிடத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. வளையம் சிவப்பாகி அணைந்துவிடும், பிறகு எதுவும் நடக்காது. சுண்டினாலும் மச்சானுக்குத் தெரியாது. சாவதும் இல்லை, மேலே வருவதும் இல்லை. ஹெட்செட்டைக் கழற்றுவது ஒன்றுதான் வழி. வேண்டுமென்றே இப்படி வைத்திருக்கிறார்களா, கோளாறா என்று தெரியாமல் ரொம்ப நேரம் நின்றேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். குமார் அதை வாசித்துக் காட்டினான்.

"ஒரு வரிதான்லே. இப்பவே சரி பண்ணிருதேன்."

"பண்ணு," என்றான் ஆன்டோ. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான். "பண்ணிட்டு யாரு நின்னு பாக்க?"

குமார் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். நானும் முன்வரவில்லை, அந்த ஒரு வரி இன்றுவரை அப்படியே கிடக்கிறது. அதற்குள் விற்பனையும் படுத்துவிட்டது, பெங்களூர்க்காரர்களும் போனை எடுப்பதில்லை. மழைக்காலம் வருவதற்குள் மாடியைக் காலி செய்தோம். குமார் சென்னைக்குப் போய்விட்டான். ஆன்டோ ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறான், கல்யாணமும் ஆகிவிட்டது. கல்யாணத்தில் தாய்மாமன் செய்ய வேண்டிய முறைகளை எல்லாம் சூசை அண்ணன்தான் செய்தார். அவன் அம்மா பக்கத்தில் நின்றாள். அப்போதும் பேசவில்லை என்று என் நாத்தனார் சொன்னாள்.

நான் வேறொரு கம்பெனியில் சேர்ந்தேன், கேபிள் இல்லாத ஹெட்செட் வந்தது, பின்னால் நிற்கிற வேலை மட்டும் மாறவில்லை. அந்த விளையாட்டை இன்றும் யாரோ வாங்குகிறார்கள். அபூர்வமாகத்தான், ஆனாலும் வாங்குகிறார்கள் என்று குமார் சொன்னான். இரவு செபமாலை முடிந்ததும் மரித்தவர்களுக்காக ஒரு செபம் சொல்வோம். ஆன்டோவின் அப்பா பெயரைச் சொல்வேன். அதோடு, இந்த நேரத்தில் எந்த ஊரிலாவது மூன்றாம் அறையில் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிற முகம் தெரியாத ஆள் ஒருவர் இருந்தால், அவருக்காகவும் ஓர் அருள்நிறைந்த மரியே சொல்கிறேன். என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.